நம் உடம்பு, நம் முடிவு: கொழுப்பை எடுத்து மார்பகத்தில் வைக்கும் சிகிச்சை பற்றித் தெரிந்து கொள்வோம்



நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் உள்ள கேள்விப் பெட்டியில் பெயர் எழுதாமலே சீட்டு போடலாம். கடன், வங்கி, முதியோர் உதவித்தொகை என்று எவ்வளவோ கேள்விகள் வரும். இந்த முறை மூன்று சீட்டுகள் ஒரே விஷயத்தைப் பற்றி வந்திருந்தன.

முதல் சீட்டு: "என் பொண்ணுக்கு 19 வயசு. ஒரு பக்கம் மார்பு சரியா வளரல. வயித்துக் கொழுப்பை எடுத்து மார்புல ஏத்துறாங்கன்னு செல்போன்ல காட்டுறாங்க. வெறும் ஊசிதான், ஆபரேஷன் இல்லைன்னு சொல்றாங்க. நிஜமா?"

இரண்டாவது சீட்டு: "கேன்சர் வந்து இடது மார்பை எடுத்துட்டாங்க. நாலு வருஷம் ஆச்சு. ஜாக்கெட்டுக்குள்ள துணியைச் சுருட்டி வச்சுக்கிட்டுத்தான் கூட்டத்துக்கு வர்றேன். எனக்கு இனிமே ஒண்ணும் செய்ய முடியாதா?"

மூன்றாவது சீட்டு: "மூணு புள்ளைக்குப் பால் குடுத்து மார்பு தொங்கிப் போச்சு. வீட்டுக்காரர் கேலி பேசுறார். குழுவுல கடன் வாங்கி ஆபரேஷன் செஞ்சுக்கலாமா?"

"இதையெல்லாம் பத்திரிகையில போடணுமா?" என்று சிலருக்குத் தோன்றலாம். கர்ப்பப்பை பற்றியும் வெள்ளைப்படுதல் பற்றியும் நாம் பேச ஆரம்பித்தபோதும் இதே கேள்விதான் வந்தது. நாம் பேசாமல் விட்டால் விளம்பரக்காரர்கள் மட்டும்தான் பேசுவார்கள். ஆகவே இந்த மாதப் பாடம் இதுதான். ஊக்குநர்கள் இதைக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டவும். ஒரே கூட்டத்தில் முடியாவிட்டால் இரண்டாகப் பிரித்துக் கொள்ளலாம்.

மார்பகம் எதனால் ஆனது?

மார்பகத்துக்குள் பால் சுரப்பிகள், பால் குழாய்கள், கொழுப்பு, இவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார் போன்ற திசு ஆகியவை இருக்கின்றன. மார்பகத்துக்குள் தசை கிடையாது. தசை அதற்குப் பின்னால், விலா எலும்பின் மேல் இருக்கிறது. அதனால் உடற்பயிற்சி செய்தால் பின்னால் உள்ள தசை பலப்படுமே தவிர, மார்பகம் பெரிதாகாது.

அளவு சின்னதாக இருந்தால் பால் குறைவாக வரும் என்பதும் தவறு. அளவைக் கூட்டிக் காட்டுவது பெரும்பாலும் கொழுப்புதான். பால் கொடுப்பது சுரப்பி. சின்ன மார்பு உள்ள தாய்மாரும் பிள்ளைக்கு வேண்டிய பாலைக் கொடுக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் யாருக்கும் இருப்பதில்லை. கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இயற்கை. வயது கூடும்போதும், பிள்ளை பெற்ற பிறகும், உடம்பு இளைக்கும்போதும் தொய்வதும் இயற்கை. இது நோய் இல்லை.

கிரீம், எண்ணெய், மாத்திரை வேலை செய்யுமா?

செய்யாது. மேலே தடவுகிற எந்தக் கிரீமும் தோலைத் தாண்டிப் போய்க் கொழுப்பை வளர்க்காது. பெயர் தெரியாத மாத்திரையில் ஹார்மோன் கலந்திருந்தால் மாதவிலக்கு தாறுமாறாகும், வேறு கேடும் வரும்.

இன்னொரு முக்கியமான செய்தி. மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே நம் நாட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. எந்தெந்தக் குறைகளைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. புற்றுநோய், நீரிழிவு ஆகியவற்றோடு பெண்ணின் மார்பக வடிவமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. முதல் முறை குற்றம் உறுதியானால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். "பதினைந்தே நாளில் எடுப்பான மார்பு" என்று பஸ் ஸ்டாண்டு சுவரிலும் செல்போனிலும் மருந்து விற்பவர் சட்டத்தை மீறித்தான் விற்கிறார். அவரிடம் பணம் கொடுத்து ஏமாந்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியவர் விற்றவர்தான்.

கொழுப்பு மாற்று சிகிச்சை என்றால் என்ன?

நம் உடம்பிலேயே ஓர் இடத்தில் இருக்கும் கொழுப்பை எடுத்து இன்னோர் இடத்தில் வைப்பதுதான் இது. புதிய யோசனை இல்லை. 1893-ல் ஜெர்மனியில் நியூபர் என்ற மருத்துவர் ஒருவரது கையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்துப் பள்ளத்தில் வைத்தார். 1895-ல் அதே நாட்டில் செர்னி என்ற மருத்துவர், ஒரு பெண்ணின் முதுகுப் பக்கம் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து, கட்டி அகற்றிய மார்பகத்தில் வைத்தார்.

ஆனால் மருத்துவ உலகம் இதை உடனே ஏற்றுக் கொள்ளவில்லை. மார்பகத்தில் வைத்த கொழுப்பு செத்துக் கட்டியானால் புற்றுநோயைக் கண்டுபிடிப்பது சிரமமாகும் என்று அமெரிக்காவின் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் சங்கம் 1987-ல் இதை வேண்டாம் என்றது. ஸ்கேன் கருவிகளும் செய்முறையும் முன்னேறிய பிறகு, 2009-ல் அந்தச் சங்கத்தின் குழு மறுபடி ஆராய்ந்து, தகுந்தவர்களுக்குக் கவனத்தோடு செய்யலாம் என்றது. பெரிய மருத்துவர்களே இருபது வருடத்துக்கு மேல் யோசித்த விஷயம் இது. நாம் இரண்டு நிமிட வீடியோவைப் பார்த்து முடிவு செய்யலாமா?

எப்படிச் செய்கிறார்கள்?

1. முதலில் பரிசோதனை. இரத்தம், சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். வயதையும் குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்பதையும் பொறுத்து மார்பக ஸ்கேன், அல்லது மார்பக எக்ஸ்ரே எனப்படும் மேமோகிராம் எடுப்பார்கள்.

2. மயக்க மருந்து கொடுப்பார்கள். முழு மயக்கமாகவும் இருக்கலாம், இடத்தை மரத்துப் போகச் செய்வதாகவும் இருக்கலாம்.

3. வயிறு, இடுப்பு அல்லது தொடையில் சின்னத் துளை போட்டு, மருந்து கலந்த நீரை உள்ளே செலுத்தி, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். இதற்கு லைப்போசக்‌ஷன் என்று பெயர்.

4. எடுத்த கொழுப்பிலிருந்து இரத்தம், நீர், எண்ணெய் ஆகியவற்றைப் பிரித்து நீக்குவார்கள். மோர் கடைந்து வெண்ணெய் எடுக்கிற மாதிரி, வேண்டியது தனியாக, வேண்டாதது தனியாக.

5. சுத்தம் செய்த கொழுப்பை மெல்லிய குழாய் வழியாகத் துளித் துளியாக, தோலுக்கு அடியிலும் சுரப்பிக்குப் பின்னாலும் பல இடங்களில் வைப்பார்கள்.

சில மணி நேரம் ஆகும். பெரிய வெட்டுத் தழும்பு இருக்காது. ஆனால் இது ஆபரேஷன்தான். "வெறும் ஊசி" என்பது பாதி உண்மை. ஊசித் துளை மாதிரி தெரிவது வெளியே மட்டும். உள்ளே இரண்டு இடத்தில் காயம் இருக்கிறது.

வைத்ததெல்லாம் நிலைக்குமா?

நாற்றங்காலில் நாற்றைப் பறித்து வயலில் நடுகிறோம். நட்ட நாற்று வேர் பிடிக்கத் தண்ணீரும் மண்ணும் வேண்டும். ஒரே குழியில் ஒரு கட்டு நாற்றையும் சொருகினால் ஓரத்தில் இருப்பது பிழைக்கும், நடுவில் இருப்பது அழுகும். கொழுப்பும் அப்படியே. எடுத்து வைத்த கொழுப்புக்குச் சுற்றியுள்ள சதையிலிருந்து புதிதாக இரத்த ஓட்டம் கிடைக்க வேண்டும். கிடைத்தால் பிழைக்கும், கிடைக்காவிட்டால் செத்துவிடும். அதனால்தான் துளித் துளியாகப் பரப்பி வைக்கிறார்கள். ஒரே நாளில் நிறைய ஏற்றச் சொன்னால் நல்ல மருத்துவர் மறுத்து விடுவார்.

பொதுவாக வைத்ததில் பாதி முதல் 70 சதவீதம் வரை நிலைக்கும். ஆளுக்கு ஆள் இது மாறும். ஒரு பக்கத்துக்கு 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு வைத்தால், கடைசியில் 100 முதல் 140 மில்லி நிற்கும் என்று கணக்கு வைத்துக் கொள்ளலாம். முதல் சில வாரம் வீக்கத்தால் பெரிதாகத் தெரியும். பிறகு குறையும். மூன்று முதல் ஆறு மாதம் கழித்துத்தான் உண்மையான அளவு தெரியும். ஆபரேஷன் முடிந்த மறு வாரம் எடுத்த போட்டோவை விளம்பரத்தில் போட்டால், அது முழுக் கதை இல்லை என்று புரிந்து கொள்ளுங்கள்.

கிடைப்பது மிதமான மாற்றம்தான். இன்னும் வேண்டுமென்றால் இரண்டாவது, மூன்றாவது முறை செய்ய வேண்டி வரும். உடம்பு இளைத்தால் வைத்த கொழுப்பும் இளைக்கும், பருத்தால் அதுவும் பருக்கும்.

இதைவிட முக்கியமானது: கொழுப்பு வைத்தால் அளவு கூடும், தொய்வு நிமிராது. தொய்வைத் தூக்கி நிறுத்துவது வேறு ஆபரேஷன். அதில் தோலை வெட்டித் தைப்பார்கள், தழும்பும் இருக்கும்.

யாருக்குப் பொருந்தாது?

- உடம்பில் எடுப்பதற்குக் கொழுப்பே இல்லாத மெலிந்தவர்களுக்கு.
- கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மாருக்கு. பால் மறந்து சில மாதங்கள் ஆன பிறகுதான் மார்பின் அளவு ஒரு நிலைக்கு வரும்.
- மார்பில் காரணம் தெரியாத கட்டி உள்ளவர்களுக்கு. முதலில் கட்டி என்னவென்று பார்க்க வேண்டும்.
- சர்க்கரை, இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு.
- புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு. வெற்றிலையோடு புகையிலை போடும் சகோதரிகளே, மருத்துவரிடம் மறைக்காதீர்கள். புகையிலை இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், காயம் ஆறாது.
- உடம்பு வளர்ந்து முடியாத சிறு பெண்களுக்கு.

என்னென்ன ஆபத்து?

வீக்கம், கன்றிப் போதல், வலி ஆகியவை எல்லோருக்கும் இருக்கும், சில வாரங்களில் சரியாகும். கொழுப்பு எடுத்த இடத்தில் மேடு பள்ளம் விழலாம், மரத்துப் போகலாம். சீழ் பிடிக்கலாம். இரண்டு பக்கமும் ஒன்று போல் வராமல் போகலாம்.

செத்த கொழுப்பு சில சமயம் எண்ணெய் நிறைந்த நீர்க்கட்டியாகவோ, இறுகிய கட்டியாகவோ, சுண்ணாம்புப் படிவாகவோ மாறும். இவை பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. ஆனால் கைக்குத் தட்டுப்படும். "கேன்சரோ" என்று பயம் வரும். ஸ்கேன் எடுக்கணும், சில சமயம் ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிக்கணும். அந்த அலைச்சலையும் மனக் கவலையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இந்த சிகிச்சை செய்து கொண்டவர், பின்னால் எங்கே மார்பகப் பரிசோதனைக்குப் போனாலும் இதைச் சொல்ல வேண்டும்.

அபூர்வமாக, கொழுப்பு இரத்தக் குழாய்க்குள் போய் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மயக்க மருந்தாலும் ஆபத்து வரலாம். அதனால்தான் அழகு நிலையத்திலோ, அவசர வசதி இல்லாத சின்ன அறையிலோ இதைச் செய்யக் கூடாது.

வேறு வழிகள் என்ன?

சிலிக்கான் பை: 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்ணுக்கு முதன் முதலில் சிலிக்கான் பை வைத்தார்கள். ஒரே ஆபரேஷனில் வேண்டிய அளவு கிடைக்கும் என்பது இதில் உள்ள வசதி. ஆனால் இது ஆயுள் முழுக்க உழைக்கும் பொருள் இல்லை. சுற்றிலும் இறுகலாம், கிழியலாம், சில வருடம் கழித்து எடுத்து மாற்ற வேண்டி வரலாம். பிரான்சில் பி.ஐ.பி. என்ற கம்பெனி மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைக்கான சிலிக்கானை நிரப்பி விற்றது 2010-ல் வெளியே வந்தது. அதன் நிறுவனருக்கு 2013-ல் சிறைத் தண்டனை கிடைத்தது. சொரசொரப்பான மேல்புறம் கொண்ட ஒரு வகைப் பை, ஓர் அபூர்வப் புற்றுநோயோடு தொடர்பு இருப்பதால் 2019-ல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. 2021-ல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் இந்தப் பைகளுக்குக் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது.

சொந்தச் சதை: புற்றுநோய்க்காக மார்பகம் எடுத்தவர்களுக்கு வயிறு அல்லது முதுகிலிருந்து தோலும் சதையும் எடுத்துப் புது மார்பகம் செய்வார்கள். பெரிய ஆபரேஷன். ஆனால் பல வருடமாக நடந்து வருவது.

திரவ ஊசி: சிலிக்கான் திரவத்தையோ வேறு ஜெல்லையோ நேராக ஊசியில் ஏற்றுவதை ஒருபோதும் ஒத்துக் கொள்ளாதீர்கள். அது உள்ளே பரவும், புண்ணாகும், கட்டியாகும், உயிரையும் எடுக்கும். திரும்ப முழுவதும் எடுக்கவும் முடியாது. மார்பகத்தில் ஏற்றப்பட்ட பாலி அக்ரிலமைடு என்ற ஜெல்லை அதன் கேடுகளைப் பார்த்து 2006-ல் சீன அரசு தடை செய்தது. குறைந்த செலவில் முடியும் என்று சொல்லி ஊசி போடுவோரிடம் நம் திருநங்கை சகோதரிகளும் ஏமாறக் கூடாது. அரசு மருத்துவமனையில் கேட்டு முறையாகச் செய்து கொள்ளலாம்.

"ஸ்டெம் செல் கலந்த கொழுப்பு" என்று சிலர் கூடுதல் பணம் கேட்கிறார்கள். நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைப்படி, குறிப்பிட்ட இரத்த நோய்கள் போன்ற அங்கீகரித்த சிகிச்சை தவிர மற்றவற்றுக்கு ஆராய்ச்சி அனுமதி இல்லாமல் ஸ்டெம் செல் கொடுக்கக் கூடாது. அந்தப் பேரைச் சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள்.

வெளியே வைக்கும் மார்பகம்: ஆபரேஷனே இல்லாத வழி. உள்ளாடையில் பை வைத்துத் தைத்து, அதில் சிலிக்கான் அல்லது பருத்தி நூலில் பின்னிய மார்பகத்தை வைத்துக் கொள்வது. செலவு குறைவு, ஆபத்து இல்லை.

அரசு மருத்துவமனையில் கிடைக்குமா?

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018 பிப்ரவரியில் அழகு சார்ந்த மார்பக சிகிச்சையையும் இலவசமாகச் செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முன் புற்றுநோய் போன்ற காரணங்களுக்கு மட்டுமே செய்து வந்தார்கள். ஏழைகளுக்கு இந்த சிகிச்சை ஏன் கிடைக்கக் கூடாது, இங்கே இல்லையென்றால் கடன் வாங்குவார்கள் அல்லது ஆபத்தான வழிக்குப் போவார்கள் என்று அன்றைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் சொன்னார். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது தேவையா என்று சிலர் எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. குழுவில் பேசிப் பாருங்கள்.

நம் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறதா, எந்தக் கிழமை வெளிநோயாளி பார்க்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

கடன் வாங்கலாமா? கணக்குப் போடுவோம்

தனியார் மருத்துவமனையில் செலவு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். உதாரணத்துக்கு ஒன்றரை லட்சம் கடன், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்று வைப்போம். மாத வட்டி மட்டும் 3,000 ரூபாய். ஒரு வருடத்துக்கு 36,000. அசல் அப்படியே நிற்கும். இதோடு,

- பரிசோதனை, மருந்து, அழுத்தி அணியும் உள்ளாடை, போக்குவரத்து.
- வேலை இழப்பு. களை எடுப்பு, கல் மண் சுமக்கிற வேலைக்கு மூன்று நான்கு வாரம் போக முடியாது.
- இரண்டாவது முறை செய்ய வேண்டி வந்தால் மறுபடி செலவு.
- அழகுக்காகச் செய்வதற்கு மருத்துவக் காப்பீட்டில் பணம் கிடைக்காது. ஜி.எஸ்.டி. வரியும் சேரும். பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, விபத்துக் காயம் ஆகியவற்றைச் சீர்படுத்த என்றால் அந்த வரி கிடையாது.

கடன் கேட்கும் உறுப்பினரைப் பார்த்துக் குழுவில் யாரும் சிரிக்கக் கூடாது. ஒரு குழுவில் "மருத்துவச் செலவு" என்று மட்டும் சொல்லிக் கடன் கேட்ட அக்காவை, என்ன வியாதி என்று எல்லோர் முன்னாலும் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள். அவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டு மைக்ரோ பைனான்ஸில் கடன் வாங்கினார். குழு கேட்க வேண்டியது, "உன்னால் திருப்பிக் கட்ட முடியுமா?" என்பதுதான். மற்றதை அவர் விரும்பினால் பிரதிநிதியிடம் தனியாகச் சொல்லட்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. நீங்கள் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. படித்தவரா? மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன?
2. இந்த மருத்துவமனை அரசிடம் பதிவு பெற்றதா? மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பாரா?
3. என் உடம்புக்கு இது பொருந்துமா? எவ்வளவு மாற்றம் கிடைக்கும்?
4. எத்தனை முறை செய்ய வேண்டி வரும்? மொத்தச் செலவு எழுதித் தருவீர்களா?
5. கட்டி வந்தால், சீழ் பிடித்தால் யார் பார்ப்பது? அந்தச் செலவு யாருடையது?
6. செய்யாமல் விட்டால் என் உடம்புக்கு ஏதாவது கெடுதல் வருமா?

கடைசிக் கேள்விக்கு, அழகுக்காக மட்டும் செய்வதென்றால், நேர்மையான மருத்துவர் "ஒன்றும் வராது" என்றுதான் பதில் சொல்வார். சம்மதப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி" என்றால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

மூன்று சீட்டுகளுக்கும் பதில்

முதல் சீட்டு எழுதிய அம்மாவுக்கு: சின்ன வித்தியாசம் என்றால் பெண்ணிடம் அது இயற்கை என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் வளரவே இல்லை என்றால் பிறவியிலேயே மார்புத் தசை சரியாக உருவாகாத நிலையாக இருக்கலாம். 1841-ல் லண்டனில் இதைப் பற்றி எழுதிய போலந்து என்பவர் பெயரால் போலந்து நிலை என்று சொல்வார்கள். அது யாருடைய பாவமும் இல்லை. அரசு மருத்துவமனை பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டுங்கள். கொழுப்பு மாற்று சிகிச்சை இப்படிப்பட்டவர்களுக்கு நல்ல பயன் தருகிறது. கல்யாணத்துக்கு முன் அவசர அவசரமாக முடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். முடிவை அந்தப் பெண்ணே எடுக்கட்டும்.

இரண்டாவது சீட்டு எழுதிய சகோதரிக்கு: கட்டாயம் செய்ய முடியும். நாலு வருடம் கழித்தும் செய்யலாம். உங்களுக்கு சிகிச்சை செய்த புற்றுநோய் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். கதிர்வீச்சு வாங்கியிருந்தால் தோல் இறுகி இருக்கும். அதைப் பார்த்து எந்த முறை என்று சொல்வார்கள். கொழுப்பு வைப்பதால் புற்றுநோய் திரும்ப வருவது கூடுகிறது என்று இதுவரை வந்த ஆய்வுகள் பொதுவாகக் காட்டவில்லை. என்றாலும் தொடர் பரிசோதனையை விடக் கூடாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் இதற்கு இடம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஆபரேஷன் வேண்டாம் என்றாலும் சுருட்டிய துணியோடு கஷ்டப்பட வேண்டாம். துணி நகரும், வேர்க்கும், புண்ணாகும். பை வைத்த உள்ளாடையை நம் தையல் குழுக்களே தைக்கலாம். கூட்டமைப்பில் இதற்குப் பயிற்சி வைக்கலாமா என்று தீர்மானம் கொண்டு வாருங்கள்.

மூன்றாவது சீட்டு எழுதிய சகோதரிக்கு: நீங்கள் ஆசைப்பட்டால் அது தப்பில்லை. ஆனால் கொழுப்பு வைத்தால் தொய்வு போகாது என்று மேலே படித்தீர்கள். மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்த உடம்பைக் கேலி பேசுவது வீட்டுக்காரரின் குறை. அந்தக் குறைக்கு உங்கள் உடம்பில் கத்தி வைக்க முடியாது. சரியான அளவு பிரா போட்டாலே தோள் வலியும் தொய்வும் குறைவாகத் தெரியும். கேலி அடி உதையாக மாறினால் 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், குழுவிலும் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் ஒரு வார்த்தை

மார்பின் அழகைப் பற்றிப் பேசினோம். அதன் ஆரோக்கியத்தை மறக்கக் கூடாது. வலியில்லாத கட்டி, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாவது, காம்பு உள்ளே இழுத்துக் கொள்வது, காம்பிலிருந்து இரத்தம் அல்லது நீர் வருவது, அக்குளில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வலி இல்லையே என்று தள்ளிப் போடாதீர்கள். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக மார்பகப் பரிசோதனை செய்கிறார்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பல பேருக்கு மார்பகத்தை முழுவதும் எடுக்காமலே குணப்படுத்த முடிகிறது.

குழுக் கூட்டத்தில் விவாதிக்க

1. கொழுப்பு வைப்பதை நாற்று நடவோடு ஏன் ஒப்பிட்டோம்? ஒரு உறுப்பினர் எழுந்து விளக்கவும்.
2. நம் ஊரில் மார்பகம் பற்றிய மருந்து விளம்பரம் எங்கே பார்த்தீர்கள்? அதைப் பற்றி எந்தச் சட்டம் சொல்கிறது?
3. அழகு சிகிச்சைக்கு உள்கடன் கொடுக்கலாமா? என்ன நிபந்தனை வைக்கலாம்? தீர்மானப் புத்தகத்தில் எழுதவும்.
4. மருத்துவக் கடன் கேட்பவரின் ரகசியத்தைக் குழு எப்படிக் காப்பாற்றுவது?
5. நம் குழுவில் 30 வயது தாண்டியவர்களில் மார்பகப் பரிசோதனை செய்து கொண்டவர்கள் எத்தனை பேர்? மீதிப் பேர் எந்தத் தேதியில் ஒன்றாகப் போகலாம்?

ஐந்தாவது கேள்விக்கு மட்டும் தேதி குறித்து, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது பிரதிநிதிகள் எழுதிக் கொண்டு வரவும். சந்தேகம் இருந்தால் கேள்விப் பெட்டியில் சீட்டு போடுங்கள். பெயர் வேண்டாம்.